பதினாறு கோர்கள், எத்தனை மடங்கு வேகம்?

செயலியின் ஒரு கோரில் (தனித்துக் கணக்கிடும் அலகு) 400 நொடி எடுக்கும் கணினி உருவகப்படுத்தல் 8 கோர்களில் 80 நொடியில் முடிந்தால் வேகப்பெருக்கம் 5. அதைக் கோர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் திறன் 62.5 விழுக்காடு. கணக்கு இவ்வளவுதான்; தவறு பெரும்பாலும் அந்த 400-இல்தான் ஒளிந்திருக்கும். மேம்படுத்தாமல் தொகுத்த நிரலை ஒற்றைக் கோரில் ஓட்டி அடிப்படையாக வைத்தால் எந்த இணையாக்கமும் அபாரமாகத் தெரியும். ஆகவே, அதே கணக்கைத் தனிக் கோரில் மிக விரைவாக முடிக்கும் நிரலின் நேரத்தையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

அளக்க வேண்டியது கடிகாரத்தில் கழிந்த நேரம். லினக்ஸில் சி மொழியின் 'கிளாக்' செயற்கூறு எல்லா இழைகளின் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) செயலி நேரத்தையும் கூட்டித் தருவதால், 8 இழைகளில் ஓடினாலும் நேரம் குறையவே இல்லை என்று தோன்றும். இதில் நான் ஒரு பிற்பகலையே தொலைத்திருக்கிறேன். இணை நிரலாக்கத்துக்கான ஓபன்எம்பி (இழைகளுக்கு), எம்பிஐ (தனிச் செயல்முறைகளுக்கிடையே செய்தி அனுப்ப) இரண்டிலும் கழிந்த நேரத்தை அளக்கத் தனிச் செயற்கூறுகள் உண்டு. எம்பிஐ-யில் எல்லாச் செயல்முறைகளையும், அனைத்தும் வந்து சேரும்வரை காக்கவைக்கும் ஒரு தடுப்பில் நிறுத்திக் கடிகாரத்தைத் தொடங்கி, கடைசியாக முடிப்பதன் நேரத்தை எடுக்க வேண்டும்.

தொடக்க அமைப்பும் கோப்பு எழுதுதலும் தனியே அளக்கப்பட வேண்டும். மூலக்கூறு இயங்கியல் மென்பொருளான லாம்ப்ஸ், பதிவுக் கோப்பில் 'லூப் டைம்' என்ற வரியில் காலப்படிகளுக்கான நேரத்தை மட்டும் தருகிறது. அதனுடன் வரும் லெனார்ட்-ஜோன்ஸ் (அணுக்களிடையே உள்ள விசைக்கான எளிய மாதிரி) சோதனையில் 32,000 அணுக்கள், 100 படிகள். இது மிகச் சிறிய ஓட்டம். படிகளைக் கூட்டிக்கொள்வது நல்லது. 64 கோர்களில் கோருக்கு 500 அணுக்களே மிஞ்சுவதால், கணக்கிடுவதைவிட அண்டைக் கோர்களுடன் பேசுவதில் நேரம் கரையும்.

ஒவ்வோர் அளவையும் ஐந்து முறையாவது ஓட்டி இடைநிலை எண்ணை எடுங்கள். இழைகள் கோர் விட்டுக் கோர் தாவாதபடி அவற்றைக் கோர்களில் கட்டிவையுங்கள். தனியாக ஓடும் கோருக்குச் செயலியின் டர்போ வசதி கூடுதல் அதிர்வெண் தருமாதலால், முடிந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் 1967-இல் முன்வைத்த வாதப்படி, வேலையில் 5 விழுக்காடு இணையாக்க முடியாதது எனில் எத்தனை கோர்கள் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. அந்தப் பங்கை அளவீட்டிலிருந்தே பெற, வேகப்பெருக்கத்தின் தலைகீழிலிருந்து கோர் எண்ணிக்கையின் தலைகீழைக் கழித்து, ஒன்றிலிருந்து கோர் எண்ணிக்கையின் தலைகீழைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 0.086. 16 கோர்களில் 64 நொடி ஆகிறதென்றால் 0.104. இப்படி ஏறிக்கொண்டே போனால், குற்றம் இணையாக்க முடியாத தொடர்வரிசைப் பகுதியில் மட்டும் இல்லை. தகவல் பரிமாற்றம், நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வேகம், சமமற்ற வேலைப்பங்கீடு ஆகியவற்றையும் தேட வேண்டும்.