பிவட் போல்ட் உடையாமல் சஸ்பென்ஷன் லிங்கைக் கழற்றி மாட்டுவது எப்படி?

முழு சஸ்பென்ஷன் மவுண்டன் பைக்கில் பின்சக்கரம் மேலும் கீழும் அசைவதற்காக பிரேமில் பல இடங்களில் மூட்டு இருக்கும். அந்த மூட்டுகளில் அசைந்தபடி பிரேமையும் பின்பகுதியையும் இணைக்கும் சின்னக் கைதான் லிங்க். ஒவ்வொரு மூட்டிலும் பேரிங், அதன் நடுவே ஒரு பிவட் போல்ட். எடை குறைய வேண்டும் என்பதற்காக இந்த போல்ட்டுகளில் பலவற்றை அலுமினியத்தில், அதுவும் உள்ளே பொள்ளலாகச் செய்கிறார்கள். பாறையில் குதித்து இறங்கினாலும் தாங்கும். ஆனால் கழற்றும்போது அவசரப்பட்டால் தலை தனியாக, மரை தனியாக வந்துவிடும்.

வேலையை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். பிவட் போல்ட்டின் முக்கிய வேலை இறுக்கிப் பிடிப்பது. பேரிங்கின் உள்வளையத்தை லிங்கோடும் பிரேமோடும் சேர்த்து அது நெருக்கிப் பிடித்திருக்கும்வரை, அதிர்வின் பெரும்பகுதியை அந்தப் பிடிப்பே வாங்கிக்கொள்ளும். பிடி தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் போல்ட் கொஞ்சம் வளைந்து நிமிரும். வளைந்து வளைந்தே தலைக்கு அடியிலோ முதல் மரையிலோ விரிசல் விடும். உடைந்த முகத்தைப் பார்த்தாலே பல சமயம் காரணம் தெரிந்துவிடும். ஒரு பகுதி வழவழப்பாக, கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதுபோல் மெல்லிய வரிகளோடு இருந்து, மிச்சம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால் அது நாள்பட்ட விரிசல். முழுக்கச் சொரசொரப்பாகவோ, இழுத்து முறுக்கிய மாதிரியோ இருந்தால் ஒரே தடவையில் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். முதல் வகையைப் பார்த்துவிட்டு "அடுத்த தடவை இன்னும் பலமாக இறுக்கிவிடலாம்" என்று நினைத்தால் இரண்டாவது வகையில் போய் நிற்பீர்கள்.

1. படத்தைத் தேடி எடுங்கள்

உங்கள் பைக் மாடலுக்கான பாகப் படத்தைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து கழற்றுவது, எங்கே வாஷர், எந்த மரைக்கு என்ன பூசுவது, எத்தனை நியூட்டன் மீட்டர் (முறுக்கு அளவின் அலகு) இறுக்குவது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். முறுக்கு அளவு சில போல்ட்டுகளின் தலையிலேயே பொறித்திருக்கும்.

படத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ஆப்பு வைத்த அச்சு இருக்கிறதா என்பது. சில பிரேம்களில் பெரிய அச்சின் ஒரு முனை பிளவுபட்டிருக்கும். அதற்குள் கூம்பு வடிவ ஆப்பு ஒன்று நுழைந்து அதை விரித்துப் பிடிக்கும். ஆப்பை இழுத்துப் பிடிப்பது ஒரு சின்ன போல்ட். புதியவர்கள் அதைக் கவனிக்காமல் நேராகப் பெரிய அச்சைத் திருகுவார்கள், அது அசையவே அசையாது. இன்னும் பலம் கொடுத்தால் அச்சின் தலை போகும். சரியான முறை இது: சின்ன போல்ட்டை சில சுற்று தளர்த்துங்கள், முழுதாக எடுக்க வேண்டாம். அதன் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஆப்பு விடுபடும். அப்புறம்தான் பெரிய அச்சில் கை வைக்க வேண்டும்.

2. தலைக்குழியைச் சுத்தம் செய்யுங்கள்

ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) நுழையும் குழியில் காய்ந்த சேறு நிற்கும். ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, கீ அடிவரை போகிறதா பாருங்கள். பாதி ஆழத்தில் நிற்கும் கீ குழியின் விளிம்பை வழித்துவிடும். உருண்டை முனை உள்ள ஆலன் கீயை இறுக்கம் விடுவிக்கப் பயன்படுத்தாதீர்கள். ஆறு முனை நட்சத்திரக் குழியில் ஆலன் கீயைத் திணிப்பதும் வேண்டாம்.

3. சுமையை இறக்குங்கள்

பைக்கை ஸ்டாண்டில் மாட்டி, பின்சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் (அதிர்வைத் தாங்கும் பாகம்) ஒரு முனையை விடுவியுங்கள். சுமை ஏறிய நிலையில் போல்ட்டை உருவினால் அலுமினிய மரை ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொள்ளும். பின்புறத்தைக் கையால் லேசாகத் தூக்கித் தாழ்த்திக்கொண்டே திருகினால், போல்ட் சட்டென்று இலகுவாகும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் வைத்துத்தான் கழற்ற வேண்டும்.

4. கழற்றுதல்

கீயை நேராக அழுத்திப் பிடித்து, சீராகப் பலம் கொடுங்கள். நல்ல போல்ட் "டக்" என்று விட்டுக்கொடுக்கும், அதற்குப் பின் சுலபமாகச் சுழலும். கீ சுழல்கிறது, ஆனால் ரப்பரைத் திருகுவதுபோல் இருக்கிறது, விட்டால் பழைய இடத்துக்கே திரும்புகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். உள்ளே மரை அசையவில்லை, போல்ட்தான் முறுகிக்கொண்டிருக்கிறது.

அப்படிப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் துருவாக இருக்கலாம், மரைப்பசையாகவும் (போல்ட் தானாகக் கழலாமலிருக்க மரையில் பூசும் பசை) இருக்கலாம். துரு என்றால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பசை என்றால் சூடு வேண்டும். சால்டரிங் அயர்ன் முனையைத் தலைக்குழிக்குள் சில நிமிடம் வைத்தால் சூடு போல்ட்டுக்குப் போகும், பெயின்ட்டுக்கு அவ்வளவாகப் போகாது. தீச்சுவாலை எந்த பிரேமிலும் வேண்டாம். கார்பன் பிரேமில் சால்டரிங் அயர்னையும் விட்டு விட்டு வையுங்கள். சுற்றியுள்ள கார்பன் தொட முடியாத அளவுக்குச் சுடக் கூடாது. சூடாக இருக்கும்போதே கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி என்று மாறி மாறித் திருப்புங்கள்.

மீறித் தலை உடைந்தே போனாலும் பதற வேண்டாம். தலை போனதுமே இழுவிசையும் போய்விடுகிறது, அதனால் உள்ளே மாட்டிய துண்டு பல சமயம் இடது சுற்று டிரில் பிட்டை (போல்ட் கழலும் திசையில் சுழன்று துளையிடுவது) கொடுத்ததுமே தானாகச் சுழன்று வெளியே வந்துவிடும்.

5. சோதனை

மரையைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி, தலைக்கு அடியில் கீறல், நடுவில் உரசித் தேய்ந்த வளையம் என்று எது தெரிந்தாலும் புது போல்ட் வாங்குங்கள். அதே மாடலுக்கான போல்ட் வேண்டும். மரை பொருந்துகிறது என்பதற்காக வேறெதையோ போடாதீர்கள். தோள்ப்பகுதியின் (தலைக்கும் மரைக்கும் இடையே உள்ள மரையில்லாத பகுதி) நீளம் கொஞ்சம் மாறினாலும் இறுக்கம் பேரிங்குக்குப் போகாது.

பேரிங் மாற்றினால் அதற்கென்று இருக்கும் பிரஸ் கருவியால் அழுத்துங்கள். பிவட் போல்ட்டையே திருகிப் பேரிங்கை உள்ளே இழுப்பது அதன் ஆயுளை நீங்களே குறைப்பது.

6. கிரீஸா, பசையா?

படம் எதைச் சொல்கிறதோ அதுதான். பொதுவாக பேரிங்குக்குள் போகும் வழவழப்பான பகுதிக்கு மெல்லிய கிரீஸ், மரைக்கு லாக்டைட் 243 போன்ற நீல நிற நடுத்தரப் பசை. ஒரு சொட்டு போதும். சிவப்புப் பசை வேண்டாம். பசை கேட்கும் மரையில் கிரீஸ் தடவினால், உராய்வு குறைந்து, அதே முறுக்கு அளவில் போல்ட் கூடுதலாக இழுபடும். டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்கு அளவு வந்ததும் "கிளிக்" என்று சொல்லும் ஸ்பேனர்) சரியாகவே "கிளிக்" சொல்லும், உள்ளே போல்ட் அளவைத் தாண்டியிருக்கும். பழைய பசையைப் பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரண்டு பக்க மரையையும் துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

7. மாட்டுதல்

முதலில் போல்ட்டைக் கையால் பின்பக்கமாகத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் லேசாக "கிளிக்" என்று விழும். அங்கிருந்து முன்னே திருகினால் மரை குறுக்கே ஏறாது. விரலாலேயே சில சுற்று போக வேண்டும். போகவில்லை என்றால் துளைகள் நேர்கோட்டில் இல்லை; லிங்கை அசைத்துச் சரிசெய்யுங்கள், போல்ட்டை வைத்து இழுக்காதீர்கள். எல்லா போல்ட்டும் விரல் இறுக்கத்துக்கு வந்தபின் ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, ஷாக்கைக் கடைசியில் இணையுங்கள்.

10 நியூட்டன் மீட்டர் என்பது 10 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ தொங்கவிட்ட அளவு. நீளமான கைப்பிடியில் அதைக் கை உணரவே உணராது. கார் சக்கரத்துக்கான பெரிய டார்க் ரெஞ்ச் இந்தச் சின்ன அளவுகளில் நம்பகமாக இருக்காது. 2 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை உள்ளதை எடுங்கள்.

8. கோடு போட்டு வையுங்கள்

பசை முழுதாக இறுக 24 மணி நேரம் விடுங்கள். போல்ட் தலையிலிருந்து லிங்க் மேல்வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள். முதல் சவாரி முடிந்ததும் கோட்டைப் பாருங்கள். நேராக இருந்தால் தொட வேண்டாம். விலகியிருந்தால், பசை விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படியே இன்னொரு சுற்று இறுக்குவது பிரயோஜனமில்லை. கழற்றி, துடைத்து, புதுப் பசை பூசி, அதே அளவுக்கு மறுபடி இறுக்குங்கள்.