விடிய ஸ்ரார்ட் ஆகி உடனே நிற்கும் பழைய கார்: முதலில் சோக்கின் வக்கியூமைப் பாருங்கள்

விடிய முதல் சாவியிலேயே எஞ்சின் பிடிக்கும், மூன்று நாலு செக்கன் ஓடும், பிறகு பின்னால் கரும்புகையைத் தள்ளிவிட்டு நின்றுவிடும். திரும்ப அடித்தால் பிளக் நனைந்துபோய்ப் பிடிக்காது. ஒருவழியாக ஸ்ரார்ட் ஆகிச் சூடேறினால், சந்தியில் நிற்கும்போது ஐடில், அதாவது அக்சிலேற்றர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்கி நடுங்கும். உங்கள் கார் இப்படிச் செய்தால் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரில் ஒரு ஸ்குரூவையும் இப்போதைக்குத் திருக வேண்டாம்.

எங்கள் வீட்டு டட்சன் சன்னிக்கு இதே வருத்தம் வந்தபோது ஒரு கராச்சில், காபரேற்றரின் காற்று வாயை மூடித் திறக்கிற சோக் தட்டைச் செப்புக் கம்பியால் திறந்தபடி கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம், ஒவ்வொரு நாளும் விடிய ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுத்தான் காரை எடுத்தோம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது சொட்டுப் பெற்றோலில் பிடிக்கவைத்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் எங்கள் யாழ்ப்பாணம், அதனால் வீட்டில் யாருக்கும் அது பிழையாகவே தெரியவில்லை. அப்போது வேறு வழியில்லை. இப்போது தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், எஞ்சின் திருப்பி அடித்தால் காபரேற்றர் வாயால் நெருப்பு மேலே வரும், மூடியைப் பிடித்திருக்கிற கையும் முகமும் அதற்கு நேர் மேலேதான் இருக்கும்.

சரி, சோக்குக்கும் வக்கியூமுக்கும் என்ன தொடர்பு? குளிர்ந்த எஞ்சினில் சோக் தட்டு மூடியிருக்கும், காற்றுக் குறையும், பெற்றோல் கூடப் போகும், எஞ்சின் பிடிக்கும். பிடித்த அந்தக் கணமே தட்டுக் கொஞ்சம் திறந்து காற்று விடவேண்டும், இல்லாவிட்டால் பெற்றோலில் மூழ்கி எஞ்சின் நின்றுவிடும். அந்தத் திறக்கிற வேலையைச் செய்வது காபரேற்றரின் பக்கத்தில் இருக்கிற, இரண்டு ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு டயபிரம், அதாவது உறிஞ்சினால் உள்ளே இழுபடும் மெல்லிய சவ்வு. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இன்ரேக் மனிபோல்டில் (காபரேற்றரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில்) உண்டாகும் உறிஞ்சல், அதாவது வக்கியூம், ஒரு சின்ன ரப்பர் ரியூப் வழியாக அந்த டயபிரத்தை இழுக்கும், அதிலிருந்து போகிற மெல்லிய கம்பி தட்டைத் திறக்கும். ரியூப் வெடித்தாலோ டயபிரம் கிழிந்தாலோ தட்டு மூடியபடியே இருக்கும். அதோடு, அதே வெடிப்பால் மனிபோல்டுக்குள் வேண்டாத காற்றும் போகும். அதனால்தான் விடியப் பெற்றோல் கூடிப்போய் நிற்கிற அதே கார், சூடேறிய பிறகு காற்றுக் கூடிப்போய் நடுங்குகிறது. இந்த இரண்டையும் இரண்டு வருத்தமாக நினைத்து, ஒருவர் பெற்றோல் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்குரூவைக் குறைக்க இன்னொருவர் கூட்ட, கடைசியில் மூல காரணம் அப்படியே கிடக்கும்.

சோதிப்பதற்குப் பெரிய ஆயுதம் தேவையில்லை. எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள், எயார் கிளீனர் மூடியைக் கழற்றுங்கள். டயபிரத்திலிருந்து ரியூபை இழுத்தெடுத்து, டயபிரத்தின் முனையில் பார்மசியில் வாங்கிய பெரிய சிறிஞ்ச் ஒன்றைச் சின்ன ரப்பர்த் துண்டால் பொருத்தி இழுங்கள். வாயால் உறிஞ்சுபவர்களும் உண்டு, எனக்கு அது விருப்பமில்லை, பெற்றோல் ஆவி நெஞ்சுக்குள் போகும். கம்பி உள்ளே இழுபட்டு அப்படியே நிற்கவேண்டும். இழுபடாவிட்டாலோ, உடனே திரும்பினாலோ டயபிரம் போய்விட்டது. சில மொடல்களில் வேண்டுமென்றே ஒரு நுண்துளை வைத்திருப்பார்கள், அவை மெதுவாகத் திரும்பும், அது பழுதல்ல.

டயபிரம் நல்லதென்றால் ரியூபைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் காரில் மேலால் பார்த்தபோது ரியூப் புதிது மாதிரிப் பளபளத்தது. விரலில் சுற்றி வளைத்தபோதுதான் அடிப்பக்கத்தில் மீன் செவுள் மாதிரி ஒரு வெடிப்பு வாய் பிளந்தது, கையெல்லாம் கருமை ஒட்டியது. கொதிக்கிற எஞ்சினுக்கு மேலே வருடக்கணக்காகக் கிடக்கிற ரப்பர் அப்படித்தான் வெடிக்கும், அதனால் நேராக வைத்துப் பார்த்துவிட்டு நல்லதென்று சொல்லிவிடாதீர்கள். ஸ்ரான்லி வீதிக் கடைகளில் வக்கியூம் ரியூப் என்றே கேட்டு, உள்விட்டம் பொருந்துகிறதா என்று பழையதோடு வைத்துப்பார்த்து வாங்குங்கள். சேலைன் ரியூப் போடவேண்டாம், சூட்டில் இளகி உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும், பெற்றோல் பட்டால் சில மாதத்தில் விறைத்து உடையும்.

இரண்டும் நல்லதா? அப்படியென்றால் எஞ்சினை ஓடவிட்டு ரியூபின் கழன்ற முனையை விரலால் பொத்திப் பாருங்கள், விரலை இழுக்கவேண்டும். இழுக்காவிட்டால் மனிபோல்ட் பக்கத்துத் துவாரம் கரியால் அடைத்திருக்கிறது, மெல்லிய கம்பியால் மெதுவாக எடுக்கலாம், துளையைப் பெருப்பிக்கக் கூடாது. உறிஞ்சலை அளக்கும் வக்கியூம் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது: சூடேறிய நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை அசையாமல் காட்டும், யாழ்ப்பாணம் கடல்மட்டத்தில் இருப்பதால் உயரத்துக்காக எதையும் கழிக்கத் தேவையில்லை. குறைவாகக் காட்டினால் பிரேக் பூஸ்ரர் உட்பட ஒவ்வொரு ரியூபாக பிளையரால் மெதுவாக நசியுங்கள், எதை நசிக்கும்போது எஞ்சினின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. காபரேற்றரின் அடிப்பக்கக் கஸ்கெற்றுக்குப் போத்தலில் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் போதும், சூடான எஞ்சினில் பெற்றோல் தெளிக்கிற பழக்கம் வேண்டாம்.

மின்சாரத்தில் தானாகத் திறக்கும் ஆட்டோ சோக் என்றால் அதற்குப் போகிற வயரையும் ஒருக்கால் பாருங்கள், எஞ்சின் ஓடும்போது அதில் மின்சாரம் வரவேண்டும். மொரிஸ் மைனர்க்காரர் இந்த டயபிரத்தைத் தேடி மினக்கெட வேண்டாம், அதிலிருக்கிற எஸ்யூ வகைக் காபரேற்றரில் அது இல்லை. அதில் சோக்கை இழுத்தால் பெற்றோல் வரும் ஜெற் கீழே இறங்கும், தள்ளியபிறகு அது முழுதாக மேலே வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதையெல்லாம் தேடிப் பிடித்தது 2022இல், பெற்றோல் தட்டுப்பாட்டால் கியூஆர் அட்டை காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றிருந்தபோது. மூடி மூடியாக ஊற்றிய பெற்றோலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ரியூப் மாற்றியபிறகு, முன்பு யாராவது திருகிய ஐடில், மிக்சர் ஸ்குரூக்களைச் சூடான எஞ்சினில் திரும்பச் சரிசெய்யுங்கள், கட்டியிருந்த கம்பியையும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். அடுத்த நாள் விடிய எயார் கிளீனரைத் திறந்துவைத்து, அக்சிலேற்றரை ஒருமுறை முழுதாக மிதித்துவிட்டு, வீட்டில் ஒருவரைச் சாவி போடச்சொல்லி நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். எஞ்சின் பிடித்தவுடன் தட்டு ஒரு நெல்மணி அளவுக்குச் சட்டென்று திறக்கும். சரியான இடைவெளி உங்கள் காரின் கையேட்டில் இருக்கும், அந்த அளவு ட்ரில் பிட்டின் தண்டை இடுக்கில் வைத்தே அளந்துகொள்ளலாம், ஆனால் எஞ்சினை நிறுத்தி, டயபிரத்தைச் சிறிஞ்சால் இழுத்துப் பிடித்தபடி.