கொட்டேஷனைக் கீழிருந்து படியுங்கள்

விளையாடுவதற்கென்று பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் பூட்ட, கடை கொட்டேஷன் எங்கே வாங்கினாலும் ஒரே வரிசையில்தான் இருக்கும். முதல் வரி ப்ராசஸர். அப்புறம் எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு, ரேம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டு. கடைசியில் 'கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்' (வெளிப்பெட்டியும், உள்ளே மின்சாரம் தரும் பவர் சப்ளையும்) என்று பிராண்ட் பெயர்கூட இல்லாமல் ஒரு வரி. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் சில வருஷம் கவுன்ட்டரில் நின்றவன் என்பதால் இப்படிப்பட்ட தாள்களை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் இப்போது யார் கொண்டுவந்து காட்டினாலும் கீழிருந்து மேலாகத்தான் படிக்கிறேன். எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்பது கடைசி வரியிலேயே தெரிந்துவிடும்.

போன லீவில் அக்கா பையன் ஒரு தாளோடு வந்தான். "மாமா, ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. இவ்வளவும் சேர்த்து இந்த விலைக்கு வருமா?" வரும். ஏன் வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஐ7 என்பது ஐ7-3770, 2012-ல் வந்த ப்ராசஸர். ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய மெஷினிலிருந்து எடுத்தது. விண்டோஸ் 11-க்கான பட்டியலில் அது கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அந்த 4 ஜிபி கார்டு ஜிடி 730. அதில் 4 ஜிபி நினைவகம் இருப்பது உண்மைதான், ஆனால் அதை நிரப்பி ஒரு கேமை ஓட்டும் பலம் அந்தச் சிப்புக்குக் கிடையாது. கார்டில் ஜிபியை மட்டும் பார்த்து விலை போடாதீர்கள். ஐ5, ஐ7 என்பதும் தனியாக ஒன்றும் சொல்லாது. பின்னால் வரும் எண்தான் எந்தத் தலைமுறை என்று சொல்லும்.

சரி, கடைசி வரிக்கு வருவோம். எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்துதான். ஆகவே அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். முகப்பில் '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 192 வாட். ஒழுங்கான 550 வாட் சப்ளையில் அந்த இடத்தில் 40-க்கு மேல் இருக்கும். '80 பிளஸ் ப்ரான்ஸ்' (வெண்கலம்) முத்திரை நல்லதுதான், ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான அளவு மட்டுமே. தரத்துக்கு முழு உத்தரவாதம் அல்ல. ஐந்து வருஷ வாரண்டி தருகிற மாடலா என்று கேளுங்கள். அது அதைவிட நல்ல அளவுகோல். இந்த ஒரு பொருளில் மட்டும் நான் செகண்ட் ஹேண்ட் பக்கமே போவதில்லை.

நம் ஊர் கரண்ட்டையும் இங்கேயே சேர்த்துப் பேசிவிடலாம். மூன்று பின் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால், இன்வர்ட்டரில் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போய் வரும் இடைவெளியில் மெஷின் ஆஃப் ஆகிவிடும். தனி யூபிஎஸ் வாங்குகிறவர்கள் விஏ (யூபிஎஸ் பெட்டியில் போட்டிருக்கும் வோல்ட்-ஆம்பியர் அளவு) வேறு, வாட் வேறு என்பதைக் கவனியுங்கள். 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். நான் கீழே சொல்கிற மாதிரி மெஷினுக்கும் மானிட்டருக்கும் அது போதும், கேமை சேவ் செய்துவிட்டு அணைக்கிற அளவுக்கு.

இப்போது பணத்தைப் பங்கு போடலாம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு வேண்டாம். மானிட்டர் செலவைக் கணக்கில் சேர்க்காமல், பெட்டிக்கு மட்டும் வைத்திருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். 40 சதவீதம் வரை போகலாம். ப்ராசஸருக்கு 20 சதவீதத்தைத் தாண்டினால் கையைப் பிடித்து நிறுத்துவேன்.

1080பி (ஃபுல் ஹெச்டி) மானிட்டரில் விளையாட என் கை தானாகப் போவது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு பக்கம். 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் பவர் கனெக்டர். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-ஐ விட வேகம். அந்த 3050-லேயே 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் குறைந்திருப்பது நினைவகம் மட்டுமல்ல, சிப்பில் கணக்குப் போடும் கோர்களும் குறைவு. ஒரே பெயர் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. அந்த 6 ஜிபி கார்டு யாருக்கு என்றால், தனி பவர் கேபிள் வேண்டாம், 70 வாட்டில் முடிய வேண்டும் என்கிறவர்களுக்கு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைத் தவிருங்கள். மதர்போர்டோடு தரவு போய்வர நான்கே லேன் (பாதை) உள்ள கார்டு அது, பழைய பிசிஐஇ 3.0 இணைப்பு உள்ள போர்டில் போட்டால் இன்னும் மூச்சுத் திணறும்.

பழைய கார்டு வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாக. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டை ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) நின்றபோது வெளியே கொட்டிய கார்டுகள் இன்னும் சுற்றுகின்றன. மைனிங்கில் ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டதாகிவிடாது. ஆனால் நேரில் போங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதிய போலி கார்டு என்றால் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கனமான ஒரு கேமை இருபது நிமிஷமாவது ஓட்டி, திரையில் புள்ளி, கோடு ஏதும் வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். எல்லா டிஸ்ப்ளே போர்ட்டிலும் கேபிளை மாற்றிப் பாருங்கள். "பார்சலில் அனுப்புகிறேன், முழுப் பணமும் ஜிபே பண்ணிடுங்க" என்கிறவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

ப்ராசஸரில் இரண்டு வழி. ஏஎம்டியின் ரைசன் 5 5600: ஆறு கோர், கூலரும் பெட்டியிலேயே வரும். அல்லது இன்டெலின் ஐ3-12100எஃப்: நான்கு கோர்தான், ஆனால் வேலரன்ட், ஜிடிஏ 5 மாதிரி விளையாட்டுகளுக்குத் தாராளம். பின்னால் பணம் வந்தால் அதே போர்டில் ஐ5-12400எஃப் மாற்றிக்கொள்ளலாம். இந்த 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே டிஸ்ப்ளே வசதி கிடையாது, கார்டு போடாமல் திரையில் ஒன்றுமே வராது. 5600-க்கும் அப்படித்தான். கார்டுக்கு இப்போது பணம் இல்லை, தீபாவளி போனஸ் வரட்டும் என்றால் ரைசன் 5 5600ஜி எடுங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸிலேயே செட்டிங்கைக் குறைத்து வேலரன்ட் ஆடலாம்.

போர்டில் ஆடம்பரம் வேண்டாம். இன்டெலுக்கு ஹெச்610, ஏஎம்டிக்கு பி450 அல்லது பி550. பழைய ஸ்டாக் பி450 என்றால் போர்டின் பயாஸை அப்டேட் செய்து, 5600 போட்டு ஆன் ஆவதைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ரேம் 16 ஜிபி. அதையும் ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக. இரண்டு சேனலில் ஓடும்போதுதான் ப்ராசஸருக்கு வேண்டிய வேகத்தில் தரவு போகும். 5600ஜி மாதிரி ரேமையே கிராபிக்ஸுக்கும் பங்கு போடுகிற சிப்பில் இந்த வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் புண்ணியத்தில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. இதிலும் பழைய டிடிஆர்4 (இந்த போர்டுகளுக்கான ரேம் ரகம்) கிடைத்தால் நான் தயங்க மாட்டேன். ரேம் அவ்வளவு லேசில் சாகாது, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் போதும். எஸ்எஸ்டி 500 ஜிபி, வேகமான என்விஎம்இ ரகம், தெரிந்த பிராண்ட். அவ்வளவுதான்.

கேபினெட்டில் முன்பக்கம் வலை மாதிரி துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முன்னால் முழுக் கண்ணாடி, உள்ளே ஏழு கலர் லைட் என்பதெல்லாம் ஷோரூம் ஏசியில் அழகு. அக்னி நட்சத்திர மதியத்தில், ஏசி இல்லாத மாடி அறையில், அது உள்ளேயே அனலைச் சுற்றிச் சுற்றி ஊதிக்கொண்டிருக்கும்.

பில் இல்லாமல் என்றால் 18 சதவீதம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். பெட்டியில் இருக்கும் நம்பரோடு கவுன்ட்டரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

வீட்டுக்கு வந்து பாகங்களைப் பூட்டி முடித்ததும் மூன்று வேலை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். புது மெஷின் ஸ்லோ, திரையில் ஒன்றும் வரவில்லை என்று எனக்கு வரும் போன்களில் பாதிக்கு இதுதான் காரணம். பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை) ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200 ரேம் 2133-லோ 2666-லோ நொண்டிக்கொண்டிருக்கும். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய்ப் பாருங்கள்: 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் மாறும்) மானிட்டரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, 60-லேயே வைத்து விளையாடுகிறவர்கள் நிறையப் பேர்.