ஃபேன்டசி பேஸ்பால் டிராஃப்ட்: கேட்சரை எப்போது எடுப்பது, யாரை எடுப்பது?

ஃபேன்டசி பேஸ்பாலில் நிஜ ஆட்டக்காரர்களை ரவுண்ட் ரவுண்டாக எடுத்து (இதுதான் டிராஃப்ட்) நம் அணியைக் கட்டுகிறோம்; நிஜ ஆட்டத்தில் அவர்கள் எடுப்பதுதான் நம் கணக்கு. இதற்குப் புதிதாக வருபவர்கள் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) விஷயத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பெரிய பெயர் என்று மூன்றாம் ரவுண்டிலேயே ஒருவரைத் தூக்கிவிடுகிறார்கள். இல்லையென்றால் கடைசி ரவுண்டில் திடீரென்று நினைவு வந்து, கண்ணில் பட்டவரை எடுக்கிறார்கள். இரண்டுமே சில லீக்கில் சரி, சில லீக்கில் தப்பு. ரன், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. (தன் அடியால் அணிக்கு வரவைத்த ரன்), ஸ்டீல் (அடிக்குக் காத்திராமல் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), பேட்டிங் சராசரி (ஹிட்டை அட்-பேட்டால், அதாவது கணக்கில் வரும் பேட்டிங் முறைகளால், வகுத்தது) என்ற வழக்கமான ஐந்து பிரிவுகளில் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: உங்கள் லீக்கில் எத்தனை கேட்சர்?

விதிப் பக்கத்தைத் திறந்து இதை மட்டுமாவது பாருங்கள். நிஜ ஆட்டம் நடக்கும் மேஜர் லீக்கில் மொத்தம் 30 அணிகள், அதாவது முதல்நிலை கேட்சர்கள் சுமார் 30 பேர். 12 பேர் ஆடும் ஒரு கேட்சர் லீக்கில் 12 பேர்தான் தேவை. மீதி 18 பேர் யாருக்கும் வேண்டாமல் வெய்வரில் (யாரும் எடுக்காதவர்கள் பட்டியலில்) கிடப்பார்கள். அதே 12 பேர் இரண்டு கேட்சர் லீக்கில் ஆடினால் 24 பேர் போய்விடுவார்கள். 15 பேர், இரண்டு கேட்சர் என்றால் 30 இடம். வெய்வரில் மிஞ்சுவது வாரத்துக்கு இரண்டு நாள் ஆடும் மாற்று ஆட்கள்தான்.

ஒரு கேட்சர் லீக் என்றால் தைரியமாகக் காத்திருங்கள். இரண்டு கேட்சர் லீக் என்றால் காத்திருப்பது ஆபத்து. ஒருவரையாவது நடு ரவுண்டுகளுக்குள் எடுத்துவிடுங்கள்.

படி 2: யாரோடு ஒப்பிடுவது?

கேட்சரை அவுட்ஃபீல்டரோடு (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவர்) நேரடியாக ஒப்பிடாதீர்கள். கேட்சரைக் கேட்சரோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் உங்கள் லீக்கில் கடைசியாகப் போகப்போகிற கேட்சரோடு. உதாரணமாக, 12 பேர் லீக்கில் நீங்கள் பார்க்கும் ஆள் 25 ஹோம் ரன் அடிப்பார், 12-ஆவது கேட்சர் 17 அடிப்பார் என்று கணித்தால், அவரால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் 25 அல்ல, 8. இதே கணக்கை அந்த ரவுண்டில் கிடைக்கும் அவுட்ஃபீல்டருக்கும் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் எங்கே பெரிதோ அங்கே கை வையுங்கள். ஒரு தாளில் பத்து நிமிட வேலைதான். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மற்ற இடங்களுக்கும் உதவும்.

படி 3: எத்தனை நாள் ஆடுவார்?

எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். கேட்சர் ஆட்டம் முழுக்கக் குந்தியே இருப்பவர். முழங்கால் போகும், தவறி வரும் பந்து விரலிலும் முகமூடியிலும் படும். அதனால் 162 ஆட்டங்களில் முதல்நிலை கேட்சரே 110, 120-தான் ஆடுவார். முந்தின நாள் இரவு ஆட்டம், மறுநாள் மதிய ஆட்டம் என்றால் பெரும்பாலும் மாற்று கேட்சருக்குத்தான் வாய்ப்பு. ஆட்டம் குறைந்தால் ரன்னும் ஆர்.பி.ஐ.-யும் தானாகக் குறையும்.

ஆகவே, கேட்சராக நிற்காத நாளிலும் பேட் பிடிக்கிற ஆளைத் தேடுங்கள். 2022 முதல் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளிலுமே (அமெரிக்கன் லீக், நேஷனல் லீக்) டி.எச்., அதாவது ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்யும் இடம், இருப்பதால், நன்றாக அடிக்கிற கேட்சரை முழுதாக உட்கார வைக்காமல் அங்கே அனுப்பலாம். மில்வாக்கியின் வில்லியம் கான்ட்ரெராஸ் 2024-ல் 155 ஆட்டம் ஆடி 99 ரன், 92 ஆர்.பி.ஐ. எடுத்தது இப்படித்தான். அடி பலம் அவரைவிட அதிகமுள்ள கேட்சர்கள் இருந்தார்கள். ஆனால் அத்தனை நாள் களத்தில் இருந்தவர்கள் குறைவு.

இன்னொரு வகை, பெயருக்கு மட்டும் கேட்சர். யாங்கீஸின் பென் ரைஸ் 2025-ல் 26 ஹோம் ரன் அடித்தார். பெரும்பாலும் முதல் பேஸிலும் டி.எச். ஆகவும்தான் ஆடினார், நடுநடுவே கேட்சராகவும் நின்றார். இப்படிப்பட்டவர்கள் உங்கள் தளத்தில் கேட்சராகத் தகுதி பெற்றிருந்தால் புதையல்தான். தகுதி விதி தளத்துக்குத் தளம் மாறும், டிராஃப்டுக்கு முன்பே பார்த்து வையுங்கள்.

கிரிக்கெட் ஃபேன்டசி ஆடி வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே கேட்ச், ஸ்டம்பிங்குக்குப் புள்ளி உண்டு, இங்கே கேட்சரின் கை வேலைக்கு ஒன்றும் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவின் பேட்ரிக் பெய்லி 2024, 2025 இரண்டு ஆண்டும் கோல்டு க்ளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது) வாங்கியவர். 2025-ல் அவர் அடித்தது 6 ஹோம் ரன். அணிக்குப் பொக்கிஷம், உங்களுக்குப் பிரயோஜனமில்லை.

படி 4: சராசரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கணக்குப் போடுங்கள்

கேட்சர்களில் பலர் 0.220, 0.230 என்றுதான் அடிப்பார்கள். 0.250 வேண்டிய இடத்தில் 0.220 அடிக்கும் ஒருவர், 350 அட்-பேட்டில் உங்களுக்குக் கெடுப்பது பத்துப் பதினோரு ஹிட். 550 அட்-பேட்டில் அது 16, 17 ஆகிவிடும். ஒருவரென்றால் மற்ற பேட்டர்களை வைத்துச் சமாளிக்கலாம். இரண்டு கேட்சர் லீக்கில் இரண்டு பேருமே இப்படி என்றால் அந்தப் பிரிவையே மறந்துவிட வேண்டியதுதான்.

ஸ்டீலை எதிர்பார்க்கவே வேண்டாம். 2022-ல் ஜே.டி. ரியல்முட்டோ 22 ஹோம் ரன், 21 ஸ்டீல் எடுத்தது அபூர்வம். அவருக்கு முன்னால் அப்படி 20-20 தொட்ட ஒரே கேட்சர் 1999-ல் இவான் ரோட்ரிகஸ்.

படி 5: போன வருடத்து எண்ணுக்கு விலை கொடுக்காதீர்கள்

சியாட்டிலின் கேல் ராலே 2025-ல் 60 ஹோம் ரன், 125 ஆர்.பி.ஐ. எடுத்தார். அதுவரை கேட்சர் ஒருவர் ஒரே சீசனில் அடித்த அதிகபட்சம் 2021-ல் சால்வடோர் பெரெஸின் 48. சரி, ராலேவை முதல் ரவுண்டிலேயே எடுக்கலாமா? அவருடைய முந்தைய வருடங்களைப் பாருங்கள்: 2022-ல் 27, 2023-ல் 30, 2024-ல் 34. ஏறுமுகம்தான், ஆனால் 60 அந்த வரிசையில் ஒட்டாமல் நிற்கிறது. பெரெஸ் 48-க்கு அடுத்த வருடம் அடித்தது 23. விரல் காயத்தில் பல வாரங்கள் போயின. ராலே நல்ல ஆட்டக்காரர் என்பதில் சந்தேகமே இல்லை. 40 அடிப்பார் என்று கணித்து, அந்த 40-க்கு எந்த ரவுண்ட் தகும் என்று பாருங்கள். யாராவது 60-க்கு விலை கொடுத்தால் விட்டுவிடுங்கள்.

படி 6: டிராஃப்ட் நாளில்

கேட்சர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தாமல் குழுக்களாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தரமுள்ள நாலைந்து பேர் ஒரு குழு. ஒரு குழுவில் இரண்டு பேர் மிச்சம் இருக்கும்போது எடுங்கள். நாலு பேர் மிச்சம் இருந்தால் இன்னொரு சுற்று பொறுக்கலாம். அடுத்தடுத்து மூன்று பேர் கேட்சர் எடுத்தால் பதறிப்போய் நீங்களும் பாயாதீர்கள். அவர்கள் எடுத்ததால் ஒரு நல்ல பிட்ச்சரோ அவுட்ஃபீல்டரோ உங்கள் பக்கம் வழுக்கி வந்திருப்பார்.

ஆட்களை ஏலத்தில் எடுக்கும் டிராஃப்டில் முழு அணிக்கும் 260 டாலர் பட்ஜெட் என்றால், ஒரு கேட்சர் லீக்கில் ஒன்றிரண்டு டாலருக்கே ஓரளவு நல்ல ஆள் கிடைப்பார்.

ஒரு கேட்சர் லீக்கில் இரண்டாவது கேட்சரைப் பெஞ்சில் வைக்காதீர்கள், அந்த இடத்தில் ஒரு ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் பந்து வீச வருபவர்) இருக்கட்டும். உங்கள் ஆள் ஏப்ரல் முழுக்கச் சொதப்பினால் வெய்வரைத் திறந்து, கடைசி இரண்டு வாரங்களில் வாரத்துக்கு ஐந்து ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே ஆடியவர் யார் என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.