கவட்டை வலி விடாமல் இழுக்கிறதா? உள்தொடைப் பிடிப்பும் ஸ்போர்ட்ஸ் ஹெர்னியாவும், படிப்படியாக

போனஸ் கோட்டுக்கு ரைடர் காலை எட்டிப் போடும்போதோ, கணுக்காலைப் பிடித்து எதிரணி இழுக்கும்போதோ உள்தொடையில் சுருக்கென்று ஒரு வலி. தை மாதக் கபடிப் போட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிறவர்களுக்கும், கால்பந்து ஆடுகிறவர்களுக்கும் வரும். இரண்டு வாரம் சும்மா இருந்தால் வலி அடங்கிவிடும். திரும்பவும் ஆடினால் அன்று ராத்திரியே வந்து நிற்கும்.

காரணம் இதுதான்: ஓய்வு வலியைத்தான் குறைக்கும், தசைக்குப் பலம் தராது. சும்மா இருந்த நாட்களில் உள்தொடைத் தசையும் அது எலும்பில் ஒட்டும் நாணும் இன்னும் பலவீனமாகிவிடுகின்றன. அதே பழைய வேகத்தை அவற்றின் மேல் போட்டால் தாங்காது.

படி 1: ஆபத்தானவற்றை முதலில் ஒதுக்குங்கள்

விதையில் திடீரென்று கடும் வலி வந்தால், அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விதையைக் காப்பாற்றுவது கடினம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி அவசரப் பிரிவு உள்ள இடத்துக்கு உடனே போங்கள்.

நின்று இருமும்போது தொடை இடுக்கில் புடைப்பு தெரிந்து, படுத்தால் உள்ளே போகிறதா? அது நிஜமான குடல் இறக்கம் (ஹெர்னியா). அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அதுவும் அவசரம்தான்.

ஓட்டக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒற்றைக் காலில் குதித்தால் இடுக்கின் ஆழத்தில் வலிக்கிறது, ராத்திரியிலும் வலிக்கிறது என்றால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.

காலில் புண் இருந்து இடுக்கில் நெறி கட்டியிருந்தால் அது வேறு விஷயம். புண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

படி 2: ஒரு விரலால் இடத்தைக் காட்டுங்கள்

உள்தொடையின் மேல்முனையில், கயிறு மாதிரி தட்டுப்படும் நாணை அழுத்தினால் வலிக்கிறதா? மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு முட்டிக்கும் நடுவில் கைமுட்டியை வைத்து நெருக்கினால் அதே வலி வருகிறதா? இரண்டும் ஆம் என்றால் பெரும்பாலும் உள்தொடைத் தசைதான்.

வலி அதற்கு மேலே, அடிவயிற்றின் ஓரத்தில் இருந்து, தும்மும்போதும் இருமும்போதும் படுக்கையிலிருந்து எழும்போதும் குத்துகிறது, ஆனால் புடைப்பு எதுவும் இல்லை என்றால் ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா என்று சந்தேகிக்கலாம். பெயரில் ஹெர்னியா இருந்தாலும் இதில் குடல் இறங்குவதில்லை. அடிவயிற்றுச் சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ள தசைநார்கள் கிழிந்தோ தளர்ந்தோ இருக்கும். இரண்டு பிரச்சினையும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவதும் உண்டு. உள்தொடைத் தசையும் அடிவயிற்றுத் தசையும் ஒட்டியிருப்பது ஒரே எலும்பில்.

முன்பக்க இடுக்கின் ஆழத்தில் வலித்து, சம்மணம் போட முடியாமல் போனால் இடுப்பு மூட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

படி 3: எதை நிறுத்துவது, எதை நிறுத்தக் கூடாது

முழுவேக ஓட்டம், திடீர்த் திருப்பம், பந்தை ஓங்கி உதைப்பது, ரைடு ஆகியவற்றை நிறுத்துங்கள். வைகை மணலில் ஓடுவதையும் விடுங்கள். கால் புதைந்து நழுவ, ஒவ்வோர் அடிக்கும் உள்தொடை கூடுதலாக இழுபடும். பைக்கைக் கிக்கர் உதைத்துக் கிளப்ப வேண்டாம். ஏறும்போது காலைச் சுழற்றிப் போடாமல் வண்டியைச் சற்றுச் சாய்த்து ஏறுங்கள். ஆனால் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வலியில்லாமல் நடக்க முடிந்தால் தாராளமாக நடங்கள்.

சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி இடுக்கில் அழுத்தி வழித்துவிட விடாதீர்கள். நாண் ஒட்டும் இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் எரிச்சல்தான் கூடும். காலை அகலப் பிளந்து உட்கார்ந்து இழுத்துவிடும் பயிற்சியும் அப்படியே. இறுக்கமாக இருப்பதால் இழுக்கத் தோன்றும். அந்த இறுக்கம் பெரும்பாலும் பலவீனமான தசை தன்னைக் காத்துக்கொள்ளப் பிடித்துக்கொள்வதுதான். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வலியையே அது மறைத்துவிடும்.

படி 4: பலம் ஏற்றுவது

வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். 0 முதல் 2 வரை என்றால் தொடரலாம். 3 முதல் 5 வரை என்றால் பாரத்தைக் கூட்டாதீர்கள். 6 அல்லது அதற்கு மேல் போனால் அன்றைக்கு நிறுத்துங்கள். மறுநாள் காலை எழும்போது முந்தின நாளைவிடப் பிடிப்பு அதிகமாக இருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், ஒரு படி இறங்குங்கள்.

முதல் 2 வாரம்: மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, பாதங்களுக்கு நடுவில் கால்பந்தை வைத்து 30 விநாடி நெருக்குங்கள், 10 தடவை. பிறகு முழங்காலை மடக்கி, முட்டிகளுக்கு நடுவில் வைத்து அதே கணக்கு. பந்து இல்லாவிட்டால் சுருட்டிய தலையணை போதும். வாரம் 3 நாள். ஆரம்பத்தில் பாதி பலம் போட்டாலே போதும். மூச்சை அடக்கிக்கொண்டு நெருக்கினால் அடிவயிற்றில் அழுத்தம் ஏறும். ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா சந்தேகம் உள்ளவர்கள் மூச்சை விட்டுக்கொண்டே செய்யுங்கள்.

3ஆம் வாரத்திலிருந்து: பழைய சைக்கிள் ட்யூபைத் தூணில் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் மாட்டி, காலை மெதுவாக உள்பக்கம் இழுங்கள். ஒரு காலுக்கு 10 தடவை, 5 சுற்று. வலிக்காத காலுக்கும் செய்யுங்கள். கட்டியிருக்கும் முடிச்சை ஒவ்வொரு முறையும் இழுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ட்யூப் அவிழ்ந்து முகத்தில் அடிக்கும்.

நெருக்கும்போது வலி 2க்குக் கீழே நின்றுவிட்டால் கோபன்ஹேகன் பயிற்சிக்குப் போகலாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, மேல்காலின் முட்டியைத் திண்ணையிலோ பெஞ்சிலோ வைத்து இடுப்பைத் தூக்கி, கீழ்க்காலை மேல்காலோடு சேர்த்து இறக்குங்கள். பக்கத்துக்கு 5 தடவையில் தொடங்குங்கள். நன்றாகப் பழகிய பிறகு முட்டிக்குப் பதில் கணுக்காலைத் திண்ணையில் வையுங்கள். முதல் நாளே கணுக்காலை வைத்துத் தொடங்குவதால்தான் பலருக்கு வலி திரும்புகிறது. 2019இல் வெளியான நார்வே ஆய்வில், இந்தப் பயிற்சியைச் செய்த கால்பந்து வீரர்களிடம் இடுக்குப் பிரச்சினை 41 சதவீதம் குறைவாக இருந்தது.

பலம் திரும்ப 8 முதல் 12 வாரம் பிடிக்கும்.

படி 5: மைதானத்துக்குத் திரும்புவது

முதலில் நேர்க்கோட்டில் மெதுஓட்டம், பிறகு வேகம், அதன்பின் திருப்பம், கடைசியில்தான் உதையும் ரைடும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று நாள் வலியில்லாமல் இருந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். உடம்பு சூடானதும் வலி மறைந்துவிடுகிறது என்பதை வைத்துத் தயாராகிவிட்டதாக நினைக்காதீர்கள். நாண் பிரச்சினையில் அது இயல்பு. மறுநாள் காலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

படி 6: மூன்று மாதமாகியும் குறையாவிட்டால்

விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரிடம் போங்கள். எம்ஆர்ஐ, முக்கச் சொல்லி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஆகியவை உதவும். ஆனால் வலியே இல்லாத ஆட்டக்காரர்களுக்கும் ஸ்கேனில் மாற்றங்கள் தெரியும் என்பதால் கையால் பரிசோதிக்காமல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அறுவைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா உறுதியானால் தையல் போட்டோ வலை வைத்தோ அடிவயிற்றுச் சுவரைப் பலப்படுத்துவார்கள். அதற்குப் பிறகும் படி 4 பயிற்சிகள் உண்டு. ஆட்டத்துக்குத் திரும்பப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் ஆகும். சீசன் முழுக்க வாரம் ஒரு நாளாவது கோபன்ஹேகன் பயிற்சியை விடாமல் செய்யுங்கள்.