அமெரிக்க மாநிலங்களின் நிலக்கரி மின்சாரச் சட்டங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நிலக்கரி மின்சாரத்துக்கு வரி", "அனல் மின் நிலையத்தை மூடச் சட்டம்" என்று அமெரிக்க மாநிலங்களைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. இந்தியாவில் நிலக்கரி மீதான தூய எரிசக்தி வரி 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016-இல் 400 ரூபாயாக உயர்ந்தது. அதை ஒன்றிய அரசு நாடு முழுவதற்கும் ஒரே அளவில் விதித்ததால், அமெரிக்காவிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுவது நமக்கு இயல்பு. அங்கே நிலைமை வேறு என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்தின் சென்ட்ரேலியா அனல் மின் நிலையம் நல்ல சான்று. நான் சொல்வது தலைநகர் வாஷிங்டனை அல்ல, பசிபிக் கரையில் உள்ள மாநிலத்தை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுகூட அடிக்கடி நடக்கிறது.

"நிலக்கரி வரி" என்ற சொல்லைக் கண்டதும், அது எந்த இடத்தில் விழும் வரி என்று கேட்காமல் விடுவது பெரிய தவறு. பூமியிலிருந்து வெட்டி எடுக்கும்போது ஒரு வரி, விற்கும்போது ஒரு வரி, எரித்து வெளியாகும் வாயுவுக்கு ஒரு கட்டணம் என மூன்று இடங்கள் உள்ளன. சென்ட்ரேலியாவின் சொந்தச் சுரங்கம் 2006 நவம்பரில் மூடப்பட்டு, ஏறத்தாழ 600 தொழிலாளர்கள் வேலை இழந்த பிறகு, அந்த நிலையத்துக்கான நிலக்கரி வயோமிங்–மொன்டானா பகுதியிலிருந்து ரயிலில் வந்தது. அங்கே வெட்டி எடுக்கும் மாநிலம் அகழ்வு வரி வாங்கிக்கொள்கிறது. மொன்டானா 30 விழுக்காடு வரை அகழ்வு வரி விதித்தபோது, அதன் சுமை பிற மாநில மின் நுகர்வோர் தலையில்தான் விழுகிறது என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981-இல் அந்த வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. எரிக்கும் மாநிலமான வாஷிங்டனோ 1997 முதல் அதே நிலையம் வாங்கும் நிலக்கரிக்கு விற்பனை வரிவிலக்கு அளித்திருந்தது. ஒரே நிலக்கரிக்கு ஒரு மாநிலத்தில் வரியும் இன்னொரு மாநிலத்தில் சலுகையும் இருக்கும்போது, "அமெரிக்க மாநிலங்கள் நிலக்கரிக்கு வரி போடுகின்றன" என்று பொதுவாக எழுதுவதற்குப் பொருளே இல்லை.

அந்த வரிவிலக்குக்கு நிபந்தனை இருந்தது. அதைத் தவறாகப் படிப்பவர்களும் உண்டு. காற்று மாசைக் குறைக்கும் கருவிகளை நிலையம் பொருத்த வேண்டும், பன்னிரண்டு மாதங்களில் வெளியிடும் கந்தக டை ஆக்சைடு 10,000 டன்னைத் தாண்டக் கூடாது என்பதே அது. இது காற்றின் தூய்மைக்கான விதி. கந்தகத்தைப் பிடிக்கும் கருவி, புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுவான கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. "மாசுக் கட்டுப்பாடு செய்த நிலையம்" என்பதை "பசுங்குடில் வாயுவைக் குறைத்த நிலையம்" என்று மாற்றி எழுதிவிட்டால், வாசகர் காலநிலை பற்றி முற்றிலும் தவறான முடிவுக்கு வந்துவிடுவார். நல்ல நோக்கத்தோடு எழுதுபவர்களிடமே இந்தக் குழப்பத்தை நான் அதிகம் காண்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாஷிங்டனில் பசுங்குடில் வாயுவுக்கான விதி 2007-இல்தான் வந்தது. ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு 1,100 பவுண்டு (சுமார் 500 கிலோ) வரை உமிழலாம் என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. பின்னர் அந்த அளவு குறைக்கப்பட்டது. ஒரு மெகாவாட்-மணி என்பது நம் மின் கட்டண அட்டையில் வரும் 1,000 யூனிட். ஆகவே யூனிட்டுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. நிலக்கரி நிலையம் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ வெளியிடுவதால் அதனால் இந்த அளவுக்குள் வர முடியாது. நவீன இயற்கை எரிவாயு நிலையம் வந்துவிடும். இது உமிழ்வு விகிதத்துக்கான வரம்பு, மொத்த உமிழ்வுக்கானது அல்ல என்பதை மறக்கக் கூடாது. விகிதத்துக்குள் இயங்கும் எரிவாயு நிலையம் ஒன்று ஆண்டு முழுவதும் கூடுதல் நேரம் ஓடினால், விதியை மீறாமலேயே அதன் மொத்த உமிழ்வு கூடிக்கொண்டே போகும். எனவே இந்தச் சட்டத்தை "உமிழ்வுக்கு உச்சவரம்பு" என்று சொல்வது பிழை. மொத்த உச்சவரம்பு அந்த மாநிலத்தில் 2021-இல் நிறைவேறி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேறொரு சட்டத்தின் வேலை.

சென்ட்ரேலியாவுக்கென்றே 2011-இல் வந்த சட்டத்தை "மூடும் சட்டம்" என்று பலரும் சுருக்குகிறார்கள். அதன் இரண்டு கொதிகலன்களில் ஒன்று 2020 இறுதிக்குள்ளும் மற்றது 2025 இறுதிக்குள்ளும் அந்த உமிழ்வு விகிதத்துக்கு உட்பட வேண்டும் என்பதே சட்டத்தின் சொல். நிலக்கரியைக் கொண்டே இயங்கினால் அது முடியாது என்பதால் விளைவு மூடுதலாகிறது; ஆனால் சட்டம் கட்டளையிட்டதையும் அதன் விளைவையும் வேறுபடுத்தித்தான் எழுத வேண்டும். நிலையத்தின் உரிமையாளரான கனடாவின் டிரான்ஸ்ஆல்டா நிறுவனம், வீடுகளில் எரிசக்திச் சேமிப்பு, அப்பகுதியின் பொருளாதார வளர்ச்சி, புதிய எரிசக்தித் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்காக 5.5 கோடி டாலர் ஒதுக்குவதும் அந்த உடன்பாட்டின் பகுதி. காலக்கெடு மிக நீண்டது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆயினும், ஒரே அறிவிப்பில் 600 பேர் வேலை இழந்ததைப் பார்த்த ஊருக்கு முன்கூட்டியே தேதியும் நிதியும் தந்தது இந்தச் சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி என்பதே என் கருத்து. அதைச் செய்திகளில் விட்டுவிடுவது வெறும் சுருக்கம் அல்ல, அந்த மக்களையே விட்டுவிடுவதாகும்.

வரியையும் கட்டணத்தையும் ஒன்றெனக் கொள்வது இன்னொரு தவறு. பென்சில்வேனியாவில் மின் நிலையங்கள் உமிழ்வு அனுமதிகளை ஏலத்தில் வாங்க வேண்டும் என்ற விதியை நிர்வாகத் துறையே கொண்டுவந்தது. அது உண்மையில் வரி, வரி விதிக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கே உண்டு என்று 2023 நவம்பரில் அம்மாநில நீதிமன்றம் ஒன்று அதைச் செல்லாததாக்கியது. 2025 நவம்பரில் மாநிலமே அந்த ஏலத் திட்டத்திலிருந்து விலகியது. கலிபோர்னியாவில் இதே போன்ற ஏலம் வரி அல்ல என்று 2017-இல் தீர்ப்பானது. ஒரு மாநிலத் தீர்ப்பை எடுத்து மற்றொன்றுக்குப் பொருத்த முடியாது.

மாநில எல்லையையும் பார்க்க வேண்டும். வெளி மாநிலப் புதிய நிலக்கரி மின்சாரத்தைத் தடுத்த மினசோட்டாவின் 2007-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுகளை ஒன்றிய நீதிமன்றங்கள் 2014-இலும் மேல்முறையீட்டில் 2016-இலும் நிறுத்தின. வாஷிங்டனின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், 2025-க்குப் பின் தன் நுகர்வோருக்கு நிலக்கரி மின்சாரம் விற்கக் கூடாது என்று மின் வழங்கு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. மொன்டானாவில் உள்ள கோல்ஸ்ட்ரிப் நிலக்கரி மின் நிலையத்தை மூடும்படி அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

மூடும் தேதி குறிக்கப்பட்டுவிட்டால் அது முடிந்த காரியம் என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். மிச்சிகனின் கேம்பல் நிலக்கரி நிலையம் 2025 மே 31-ஆம் தேதி மூடப்படவிருந்தது. அதற்கு எட்டு நாள்களுக்கு முன், ஒன்றிய எரிசக்தித் துறை தன் அவசர அதிகாரத்தைக் கொண்டு அதைத் தொடர்ந்து இயக்க உத்தரவிட்டது.