திரை கறுப்பாகத்தான் இருக்கும்: காதால் மட்டும் ஆடும் விளையாட்டைத் தொடங்குவது எப்படி

ரங்கூனில் எங்கள் தெருவில் சாயங்காலம் கரண்ட் போனால் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் "மீ லா பீ" (கரண்ட் வந்துவிட்டது) என்று கத்தும் வரை லேப்டாப்பில் மிச்சம் இருக்கிற பேட்டரியை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் பெரிய யோசனையாக இருக்கும். அப்படி ஒரு ராத்திரி தம்பி கோப்பு அனுப்பும் ஸாப்யா செயலியில் ஒரு ஜிப் கோப்பை அனுப்பி, "அண்ணே, இதுல படமே கிடையாது, காதுல கேட்டே ஆடணும்" என்றான். யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தனி ஆளாகச் செய்த சாகச விளையாட்டு. ஒரு குகை, அதற்குள் ஓடுகிற ஆறு, எங்கோ அடிக்கிற ஒரு மணி, அவ்வளவுதான். திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிடலாம் என்பதால் பேட்டரியும் நன்றாக நின்றது. எனக்கு அதை முடிக்க மூன்று வாரம் ஆனது, அதில் முதல் இரண்டு ராத்திரி நான் விளையாட்டே ஆடவில்லை, அமைப்பைச் சரி செய்யத்தான் போராடினேன். அந்த இரண்டு ராத்திரி உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த வகை விளையாட்டு இன்று நேற்று வந்தது இல்லை. 1997-இலேயே ஜப்பானில் சேகா சாட்டர்ன் என்ற விளையாட்டுக் கருவிக்குப் படமே இல்லாத ஒரு விளையாட்டு வந்தது. 2012-இல் வந்த பிளைண்ட்சைட் என்ற ஒலி விளையாட்டைச் செய்த இருவரில் ஒருவர், பள்ளி வேதியியல் வகுப்பில் நடந்த வெடிப்பில் சில காலம் பார்வை இல்லாமல் இருந்தவர், அந்த அனுபவத்திலிருந்துதான் அதைச் செய்தார். ஆனால் என் மனசுக்குப் பிடித்தவை, கம்பெனி எதுவும் இல்லாமல் தனி ஆட்கள் செய்து இட்ச்.ஐஓ என்ற விளையாட்டுத் தளத்தில் போடுகிறவைதான். ஆடியோகேம்ஸ்.நெட் தளத்தில் பெரிய பட்டியலே இருக்கிறது. கீழே சொல்வது ஒரு விளையாட்டுக்கு மட்டும் என்று இல்லை, விண்டோஸில் ஓடும் இப்படிப்பட்ட எதற்கும் அநேகமாகப் பொருந்தும்.

முதலில் ஜிப்பைப் பிரியுங்கள்

ஜிப் கோப்பை இரண்டு முறை தட்டித் திறந்து, உள்ளே தெரிகிற விளையாட்டுக் கோப்பை அங்கேயே தட்டாதீர்கள். அப்படிச் செய்தால் விண்டோஸ் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிகமாக ஓர் இடத்தில் எடுத்து வைத்து ஓட்டும், பக்கத்தில் இருக்கிற ஒலிக் கோப்புகள் கூட வராது. படம் உள்ள விளையாட்டு என்றால் ஏதாவது பிழைச் செய்தியாவது கண்ணில் படும். இதில் சரியாக ஓடினாலும் கறுப்புத் திரை, ஓடாவிட்டாலும் கறுப்புத் திரை. அதனால் ஜிப் மேல் வலது கிளிக், "எக்ஸ்ட்ராக்ட் ஆல்", பிறகு புதிதாக வந்த ஃபோல்டருக்குள் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

தொடங்கியதும் நீல நிறத்தில் ஒரு எச்சரிக்கை வரலாம். தனி ஆட்கள் காசு கட்டிச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள், அதனால் விண்டோஸுக்கு அவர்கள் யார் என்று தெரியாது. "மோர் இன்ஃபோ" அழுத்தினால் "ரன் எனிவே" வரும். ஆனால் இதைச் செய்தவரின் சொந்தப் பக்கத்திலிருந்து நீங்களே இறக்கிய கோப்புக்கு மட்டும் செய்யுங்கள். கை மாறி கை மாறி வந்த கோப்பு எனக்கு ஆகாது. தம்பி அனுப்பியதைக்கூட அழித்துவிட்டு, நெட் கொஞ்சம் வேகமாக இருக்கிற விடியற்காலையில் எழுந்து நானே இறக்கிக்கொண்டேன்.

ஹெட்போன், அதுவும் ஒயர் உள்ளது

ஸ்பீக்கரில் ஆடவே முடியாது. வலப்பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது வலது காதுக்கு முதலில் போய், இடது காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தாமதமாகப் போகும். நடுவில் நம் தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கியும் போகும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது, விளையாட்டைச் செய்தவரும் இதையேதான் கணக்குப் போட்டு ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக அனுப்புகிறார். ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கேட்கும், கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

புளூடூத் வேண்டாம் என்பது என் கட்சி. பட்டனை அழுத்திய பிறகு காலடிச் சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தால், நின்றுவிட்டோமா இன்னும் நடக்கிறோமா என்றே தெரியாமல் போகும். இன்னொன்று, விளையாட்டு மைக்கைத் திறந்தால் புளூடூத் ஹெட்போன் பல சமயம் போன் பேசும் முறைக்கு மாறிவிடும், அப்போது இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான். தெய்ன்ஜி ஸே சந்தைப் பக்கம் தெருவோரம் விற்கிற ஒயர் இயர்போனே போதும், காதை நன்றாக அடைத்துக்கொள்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். இடது, வலது மாற்றிப் போடாதீர்கள். எழுத்து அழிந்துபோயிருந்தால் விளையாட்டுக்கு உள்ளேயே சோதித்துக்கொள்ளலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

என்னை இரண்டு ராத்திரி அலையவிட்டது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தேன். சத்தமும் வந்தது, அழகாக வந்தது, ஆறு ஓடியது, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆனால் எல்லாமே என் நெற்றிக்கு நடுவில் கேட்டது. இடப்பக்கம் திரும்பினாலும் நடுவில், வலப்பக்கம் திரும்பினாலும் நடுவில். மணி இருக்கிற திசைக்குப் போ என்றது விளையாட்டு. எந்தத் திசை? நடந்தேன், சுவரில் முட்டினேன், திரும்பி நடந்தேன், மறுபடியும் சுவர். விளையாட்டைச் செய்தவர்தான் எங்கேயோ தப்பு செய்துவிட்டார் என்று நினைத்து அவருக்குக் கடிதம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன்.

காரணம் வேறு. சில மாதங்களுக்கு முன் என் பழைய இயர்போனில் ஒரு பக்கம் ஒயர் அறுந்துவிட்டது. பாட்டில் பாதி கேட்காமல் போனதால், இரண்டு பக்கத்தையும் கலந்து இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி அனுப்பும் "மோனோ ஆடியோ" வசதியைப் போட்டிருந்தேன். பிறகு புது இயர்போன் வாங்கினேன், அந்த வசதியை எடுக்க மறந்துவிட்டேன். பாட்டுக்கும் படத்துக்கும் அது பெரிதாகத் தெரியாது. இந்த விளையாட்டுக்கு அது கண்ணைக் கட்டியதோடு காதையும் பொத்திவிட்டது போல.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போனால் மோனோ ஆடியோ பொத்தான் இருக்கும். விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் ஆக்செஸ், அதற்குள் ஆடியோ. போனில் ஆக்செசிபிலிட்டிக்குள் தேடுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். அது அணைந்திருக்க வேண்டும். அங்கேயே இடது வலது அளவும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் "விண்டோஸ் சோனிக்" மாதிரி சுற்றொலி வசதி ஏதாவது போட்டிருந்தால் அதையும் அணையுங்கள். விளையாட்டு ஏற்கனவே திசைக் கணக்கைப் போட்டு அனுப்புகிறது, அதன் மேல் இன்னொரு கணக்குப் போட்டால் எல்லாம் குளத்துக்குள்ளிருந்து கேட்பது மாதிரி ஆகிவிடும்.

அதை அணைத்துவிட்டு மறுபடி தொடங்கியபோது தண்ணீர் என் இடது காதுக்குப் பின்னால், தோள் உயரத்தில் சொட்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே எங்கள் வீட்டுச் சுவர்தான் இருந்தது.

திரும்புவது யார் என்று புரிந்துகொள்ளுங்கள்

இப்போது சோதனை. ஒரு சத்தம் நேர் எதிரே கேட்கும்படி நில்லுங்கள். வலது அம்பை அழுத்துங்கள். சத்தம் இடது காதுக்குப் போக வேண்டும். வலது காதுக்குப் போனால் இயர்போனை மாற்றிப் போட்டிருக்கலாம், இல்லையென்றால் சத்தம் உண்மையில் உங்களுக்குப் பின்னால் இருக்கலாம்.

"வலது பக்கம்தானே அழுத்தினேன், ஏன் இடது பக்கம் போகிறது?" என்று அம்மாவும் கேட்டார், தம்பியும் கேட்டான். அனவ்ரட்டா ரோட்டில் காளியம்மன் கோயிலைப் பார்த்து நிற்கிறீர்கள், உள்ளே மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே வலப்பக்கம் திரும்பினால் கோயில் உங்கள் இடது காதுப் பக்கம் வந்துவிடும். கோயில் நகரவில்லை, நீங்கள்தான் திரும்பினீர்கள். இதை ஒருமுறை எழுந்து நின்று உடம்போடு செய்து பாருங்கள், வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட அது சீக்கிரம் புரியும்.

அடுத்த சிக்கல் முன்னா பின்னா என்பது. நேர் எதிரே இருக்கிற சத்தமும் நேர் பின்னால் இருக்கிற சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். நிஜத்தில் நம் காதுமடலின் வளைவுகள் அதைப் பிரித்துக் காட்டும், ஆனால் விளையாட்டுக்குள் இருப்பது உங்கள் காது இல்லை. பெரும்பாலும் ஒரு பொம்மைத் தலையின் காதுகளுக்குள் மைக் வைத்து அளந்த கணக்கு. 1994-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி-யில் கேமார் என்ற பொம்மைத் தலையை வைத்து அப்படி அளந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். உங்கள் காதுமடல் அந்தப் பொம்மையின் காது மாதிரி இல்லையென்றால் முன்னும் பின்னும் குழம்பத்தான் செய்யும்.

அதற்கு வழி உண்டு. கொஞ்சமாக, ஒரு தட்டு, வலப்பக்கம் திரும்புங்கள். சத்தம் இடப்பக்கம் நகர்ந்தால் அது உங்களுக்கு முன்னால் இருக்கிறது. வலப்பக்கமே நகர்ந்தால் பின்னால் இருக்கிறது. இது ஒன்று கைவந்துவிட்டால் பாதி விளையாட்டு முடிந்த மாதிரி. நான் இப்போது யோசிக்காமலே செய்கிறேன், விரல் தானாக ஒரு தட்டு தட்டுகிறது.

ஆடும்போது

அம்புக்குறி, எண்டர், ஸ்பேஸ் பட்டன்கள் அந்தந்த விளையாட்டின் ரீட்மீ கோப்பில் இருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் நடக்காதீர்கள். ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள். என்னென்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: ஆறு, இடப்பக்கம், தூரத்தில். காற்று, எதிரே. படம் வரைய வேண்டாம் என்பேன், நான் வரைந்த வரைபடங்கள் எல்லாம் தப்பாகவே போயின. சத்தங்களின் பெயரும் எத்தனை எட்டு நடந்தேன் என்ற எண்ணும்தான் உதவின. காலடிச் சத்தத்தை நன்றாகக் கவனியுங்கள். சேற்றில் சப் என்று கேட்பது கல்லில் டக் என்று மாறும், மரப் பலகையில் அடியில் வெற்றிடம் இருக்கிற மாதிரி கேட்கும். நான் ஆடியதில் ஒரு பாலம் வரும். அதில் ஏழாவது எட்டில் பலகை மற்றதைவிடக் கீச்சென்று கொஞ்சம் நீளமாகக் கத்தும். மூன்று முறை அங்கே விழுந்த பிறகுதான் அந்தக் கீச்சு எச்சரிக்கை என்று புரிந்தது. பலகை கத்தினால் நின்று, ஒரு எட்டுப் பக்கவாட்டில் வைத்து, அப்புறம் நேராகப் போக வேண்டும். இதை ஒரு வார்த்தை சொல்லாமல் சத்தத்தாலேயே சொல்லிக்கொடுத்தாரே, அந்த மனிதர் மேல் எனக்கு அத்தனை மரியாதை வந்தது.

இடமும் முக்கியம். தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில் மெல்லிய சத்தம் எதுவும் கேட்காது. அதை அமுக்க வால்யூமை ஏற்றாதீர்கள், திடீரென்று பாறை உருளும்போது காது வலிக்கும். நான் ராத்திரி பத்து மணிக்கு மேல், ஜெனரேட்டர்கள் அடங்கிய பிறகு ஆடினேன். எங்கள் மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் மேல் முனையில் ஒரு சின்ன மணி கட்டியிருக்கிறோம், வருகிறவர்கள் கீழிருந்து இழுப்பதற்கு. ஒருநாள் அது அடித்தபோது விளையாட்டு மணி என்று நினைத்து நான் குகைக்குள் வேறு திசையில் போய்விட்டேன். இப்போது ஆடும் நேரத்தில் கயிற்றை மேலே இழுத்து வைத்துவிடுகிறேன்.

சேவ் செய்யுங்கள், அடிக்கடி செய்யுங்கள். தனி ஆட்கள் செய்த பல விளையாட்டில் தானாகச் சேவ் ஆகாது, நம் ஊரில் பேட்டரி தீர்ந்தால் அடுத்து எப்போது சார்ஜ் ஏறும் என்று சொல்ல முடியாது.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஆடிப் பார்த்தவர்கள் மூன்று விஷயம் சொன்னார்கள்.

மெனுவே பேசவில்லை என்றார் ஒருவர். சில விளையாட்டுகள் மெனுவை ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள், வழியாகத்தான் படிக்கும். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், அதைப் போட்டு ஓடவிட்டு, பிறகு விளையாட்டைத் தொடங்குங்கள். நீங்கள் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் அது படித்துத் தொந்தரவு செய்தால் என்விடிஏ பட்டனோடு (வழக்கமாக இன்சர்ட்) 2-ஐ அழுத்தினால் நிறுத்திவிடும்.

மோல்மேனிலிருந்து பார்வையற்ற ஒரு அக்கா, ஆண்ட்ராய்டு போனில் ஆடும்போது அதன் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் ஓடினால் விரலால் தேய்ப்பதை எல்லாம் அதுவே பிடித்துக்கொள்கிறது, விளையாட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று எழுதினார். விளையாட்டுக்கு உள்ளே போனதும் இரண்டு வால்யூம் பட்டனையும் மூன்று நொடி சேர்த்து அழுத்தி டாக்பேக்கை நிறுத்துகிறார், முடிந்ததும் அதேபோல் அழுத்தித் திரும்பக் கொண்டுவருகிறார். அந்தக் குறுக்கு வழியை முன்கூட்டியே செட்டிங்ஸில் போட்டு வைத்திருக்க வேண்டும். நான் கண்ணால் பார்த்து அமைப்பை மாற்றுகிறவன் என்பதால் இது எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்கு நன்றி.

பிரவுசரிலேயே ஓடும் விளையாட்டில் சத்தமே வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள். நாம் ஒருமுறை கிளிக் செய்யும் வரை அல்லது ஒரு பட்டனை அழுத்தும் வரை பக்கம் தானாகச் சத்தம் போட பிரவுசர் விடாது. பக்கத்தின் நடுவில் ஒரு கிளிக், அப்புறம் ஸ்பேஸ்.

வெளியே வருவது எப்படி என்று முதலில் எழுத விட்டுப்போனது. கறுப்புத் திரையில் மூடுகிற பொத்தான் எங்கும் தெரியாது. முதலில் சேவ், அப்புறம் எஸ்கேப். அதற்கும் அசையவில்லை என்றால் ஆல்ட்டும் எஃப்4-உம்.